எழுத்தெல்லாம் தெரியும், 'மரம்' வாசிக்கத் தெரியாது

மட்டக்களப்பு மாவட்டத்தின் களுவாஞ்சிகுடியிலிருந்து ஓர் இளந்தாய் கேட்டிருக்கிறார். அவருடைய மகன் தரம் 1இல் படிக்கிறான். முன்பள்ளியிலேயே அ முதல் ஃ வரையும் க முதல் னௌ வரையும் மூச்சுவிடாமல் ஒப்புவிக்கப் பழகிவிட்டான். ஆனால் 'மரம்' என்று எழுதிக் காட்டினால் "மானா, ரானா, இம்" என்று சொல்லிவிட்டுத் தாயின் முகத்தைப் பார்க்கிறான். வகுப்பிலோ, கல்வியியல் கல்லூரியிலிருந்து புதிதாக நியமனம் பெற்று வந்த ஆசிரியை பாட்டும் கைதட்டலும் விளையாட்டுமாக நாளைக் கழிக்கிறார். ஆறு மாதமாகியும் கொப்பியில் ஐந்து பக்கம் நிறையவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ரியூசனில் தினமும் நான்கு பக்கம் எழுத்துவேலை கொடுக்கிறார்களாம். "நானும் அனுப்பட்டுமா? அந்த ரீச்சர் உண்மையில் படிப்பிக்கிறாரா?" என்பதுதான் கேள்வி.

ஆம் மகள், படிப்பிக்கிறார். நீங்கள் சொன்ன விவரங்களை வைத்தே இதைச் சொல்கிறேன். உங்கள் பிள்ளையிடமும் குறை இல்லை. அவனுக்கு எழுத்துகளின் பெயர்கள் தெரியும், ஓசை இன்னும் தெரியாது. இரண்டும் வேறு வேறு என்பது எனக்கே ஆசிரியத் தொழிலில் ஐந்தாறு ஆண்டுகள் போன பிறகுதான் விளங்கியது. முப்பத்தொரு ஆண்டுகள், பாதி மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் பாதி மேற்கே படுவான்கரையிலும், தரம் 1, 2 பிள்ளைகளுடனேயே இருந்துவிட்டு ஓய்வுபெற்றவள் நான். உங்கள் கேள்வியை ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு தாய் வகுப்பறை வாசலில் நின்று கேட்டிருக்கிறார். அப்போதெல்லாம் மணி அடித்துவிடும், அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டு ஓடுவேன். இப்போது நேரம் இருக்கிறது.

முதலில் 'மரம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ம் என்ற எழுத்துக்கு 'இம்' என்று பெயர் சொல்லிக் கொடுத்தோம். அந்த இகரம் எங்கிருந்து வந்தது? மெய்யைத் தனியே உச்சரிப்பது கடினம் என்பதால் நாம் முன்னே சேர்த்துக்கொண்ட ஒட்டு அது. பெரியவர்களுக்கு அது தெரியும், ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. அவன் நாம் சொல்லிக் கொடுத்ததை அப்படியே நம்புகிறான். மானா, ரானா, இம் மூன்றையும் எத்தனை வேகமாகச் சேர்த்துச் சொன்னாலும் 'மானாரானாஇம்' என்றுதான் வருமே ஒழிய மரம் வராது. ஆகவே அவன் நின்றுபோய் உங்கள் முகத்தைப் பார்க்கிறான். எழுத்துக் கூட்டுவது என்று நாம் சொல்கிறோமே, கூட்டப்படுவது ஓசைகள்தான். பெயர்களைக் கூட்ட முடியாது.

இனி அந்தப் பாட்டுக்கும் கைதட்டலுக்கும் வருகிறேன். இலங்கையின் ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் 1998இல் கம்பஹா மாவட்டத்தில் பரீட்சித்துப் பார்க்கப்பட்டு, 1999இல் நாடு முழுவதற்கும் வந்தது. அதன்படி தரம் 1, 2 ஆகியவை முதன்மை நிலை 1. அங்கே முதலிடம் விளையாட்டுக்கு, அடுத்தது செயற்பாட்டுக்கு, கடைசி இடம்தான் எழுத்துவேலைக்கு. அது வந்த காலத்தில் எங்களில் பலர் முணுமுணுத்தோம். பிள்ளையை விளையாடவிடுவதற்கு அரசாங்கம் எதற்குச் சம்பளம் தர வேண்டும் என்று ஒரு மூத்த ஆசிரியர் என்னிடம் கேட்டது நினைவிருக்கிறது. ஆனால் வகுப்பில் நடத்திப் பார்த்தபோது, விளையாட்டு என்று நாங்கள் நினைத்ததில் பாதி காதுக்கான பயிற்சி என்று கண்டுகொண்டேன்.

பிள்ளை வாசிக்கத் தொடங்குமுன் ஒரு சொல்லைக் காதாலே துண்டுதுண்டாக உடைக்கப் பழக வேண்டும். 'முதலை' என்று சொல்லி மூன்று தட்டு: மு, த, லை. 'வாவி' இரண்டு தட்டு. 'மட்டக்களப்பு' என்றால் ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகத் தட்டுவார்கள், வகுப்பே சிரிக்கும், மறுபடி தட்டுவோம். கடலோரப் பாடசாலையில் இருந்தபோது மீன்களின் பெயர்களை வைத்து இதைச் செய்வேன். படுவான்கரைக்கு மாறிப் போனபோது எனக்கு இன்னும் நல்ல வழி கிடைத்தது. அங்கே பிள்ளைகளின் தகப்பன்மாரும் மாமன்மாரும் கூத்தாடுகிறவர்கள். வடமோடியோ தென்மோடியோ, எந்தக் கூத்து வகையானாலும் மத்தளத்தின் சொற்கட்டு பிள்ளைகளின் காதில் ஏற்கெனவே இருந்தது. 'தகதிகு' என்று கூத்துப் பழக்கும் அண்ணாவியார் சொல்லும்போது நான்கு அடி விழுவதை மூன்று வயதிலிருந்தே கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். அவர்களிடம் போய் ஓசையைப் பிரித்துக் கேள் என்று புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. வாளியைக் கவிழ்த்து வைத்து மத்தளமாக்கி, சொல்லைச் சொல்லி அடிக்கச் சொன்னேன். ஒரு தவணையில் வர வேண்டியது மூன்று வாரத்தில் வந்தது. எழுதப்படிக்கத் தெரியாத ஒரு தகப்பனார், இரவெல்லாம் பாட வேண்டிய தன் பகுதியை ஒரு வரி பிசகாமல் மனத்தில் வைத்திருந்தார். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளையைப் 'பின்தங்கிய பிள்ளை' என்று பதிவேட்டில் எழுத எனக்குக் கை வரவில்லை.

தட்டிப் பழகிய பிறகு ஒரு சிக்கல் வரும். 'மரம்' என்பதைப் பிள்ளை ம, ரம் என்று இரண்டாகத்தான் தட்டுவான். எழுத்தோ மூன்று. புள்ளி எழுத்துக்குத் தனியாக ஒரு தட்டு விழாது, அது முன்னெழுத்தின் வாலில் ஒட்டிக்கொள்ளும். தமிழில் வாசிக்கத் தொடங்கும் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். இதற்கு நான் கண்ட வழி வாயைப் பார்ப்பது. "ரஅஅஅ என்று சொல்லிக்கொண்டே இரு, நான் கை காட்டும்போது உதட்டை மூடு" என்பேன். உதடு மூடியதும் 'ரம்' தானாக வந்துவிடும். "என்ன செய்தாய்?" என்று கேட்டால் "வாயை மூடினேன்" என்பான். அந்த மூடல்தான் ம். இதேபோல 'கண்' என்று சொல்லிப் பார்த்து நாக்கு எங்கே போகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். பிறகு கரும்பலகையில் ம எழுதி, அதன் தலையில் குற்று வைத்து, "இந்தக் குற்று வாயை மூடச் சொல்கிறது" என்று சொன்னால் போதும். 'இம்' தேவையில்லை. உங்கள் மகனுக்கு இன்றிரவு இதைச் செய்து பாருங்கள்.

எந்த எழுத்திலிருந்து தொடங்குவது? ஏடு தொடக்கும்போது அரிசியில் அ எழுதுகிறோம். அது நல்ல சடங்கு, அன்று பிள்ளையின் முகத்தில் வரும் வெளிச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அடுத்த நாளிலிருந்து ஆ, இ, ஈ என்று நெடுங்கணக்கு வரிசையிலேயே போக வேண்டும் என்பதில்லை. இ என்ற எழுத்தை ஒருமுறை எழுதிப் பாருங்கள்: எத்தனை வளைவு, எத்தனை திருப்பம். அதைவிட ட எவ்வளவு எளிது! மேலிருந்து ஒரு கோடு, வலப்பக்கம் ஒரு கோடு. வலது முனையில் இன்னொரு கோட்டை ஏற்றினால் ப. அந்தக் கையோட்டத்தைக் கொஞ்சம் வளைத்தால் ம. ஆகவே ட, ப, ம என்று தொடங்குவது ஆசிரியர்களின் பழைய வழக்கம். கை பழகுவதோடு, மூன்றே எழுத்தில் படம், மடம், பட்டம், மட்டம் என்று சொற்களும் கிடைத்துவிடும்.

எனக்கு இன்னொரு தொடக்கம் அதிகம் பிடிக்கும். அ, ப, ம என்ற மூன்று எழுத்து, அவற்றோடு அரவும் (ா) குற்றும். இந்த ஐந்தை மட்டும் தெரிந்துகொண்ட பிள்ளை என்னென்ன வாசிக்கலாம் தெரியுமா? அம்மா, அப்பா, மாமா, அம்மம்மா, அம்மப்பா, அப்பம்மா, அப்பப்பா. குடும்பமே வந்துவிட்டது. காலையில் சாப்பிட அப்பமும் வந்துவிட்டது. நம் ஊர் உறவுப்பெயர்களில் இப்படி ஒரு கொடை இருப்பதை வேறு யாரும் எனக்குச் சொல்லவில்லை, ஒருநாள் கரும்பலகையைத் துடைக்கும்போது கண்ணில் பட்டது. அட்டைகளில் எழுதிக் கொடுத்து, "அம்மம்மாவை அப்பம்மாவாக மாற்று" என்பேன். இரண்டு எழுத்துத்தான் மாற வேண்டும். எந்தெந்த எழுத்து என்று கண்டுபிடிப்பதற்குள் பிள்ளைகள் அந்தச் சொல்லைப் பத்துமுறை வாசித்திருப்பார்கள். முஸ்லிம் ஊர்களான காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் படிப்பிக்கும் தோழிகள் இதையே உம்மா, வாப்பா, ராத்தா (அக்கா), காக்கா (அண்ணன்) என்று தொடங்குகிறார்கள். எழுத்துகள் வேறு, ஆனால் நான்கிலும் அரவு இருக்கிறது, நான்கில் ஒவ்வொன்றிலும் ஒரு குற்று இருக்கிறது. முக்கியமான இரண்டு குறிகளும் பிள்ளையின் வீட்டிலிருந்தே வருகின்றன.

247 எழுத்து என்று பெற்றோர் மலைத்துப்போகிறார்கள். அந்தக் கணக்கு உண்மைதான்: உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. ஆனால் அத்தனையையும் தனித்தனியாக மனத்தில் ஏற்ற வேண்டியதில்லை. உயிர் 12, அகரமேறிய மெய் 18, குற்று 1, ஆ, இ, ஈ, எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ என்ற ஒன்பது உயிர்களுக்கு ஒன்பது குறி. இவை எந்த மெய்யோடு சேர்ந்தாலும் ஏறத்தாழ ஒரே மாதிரித்தான் நிற்கும். முறை மீறுவது உகரமும் ஊகாரமும் மட்டுமே: கு, டு, பு, மு, து என்று மெய்க்கு மெய் வடிவம் மாறும். அவை 36. ஆய்தத்தையும் சேர்த்தால் மொத்தம் 77. ங வரிசையில் ங் தவிர மற்றவை சிறுவர் புத்தகத்தில் அநேகமாக வரவே மாட்டா என்பதால் அதிலும் குறையும். அரவு என்ற ஒரு குறியைப் பிள்ளை உண்மையாக விளங்கிக்கொண்டால் ஒரே நாளில் பதினெட்டு எழுத்து அவனுக்குச் சொந்தமாகிவிடும். ஒப்புவித்துப் பழகிய பிள்ளைக்கு இந்த விளக்கம் இல்லை. அவனுக்கு 'கா' ஒரு பாட்டில் வரும் ஒரு சொல், 'பா' இன்னொரு சொல், இரண்டுக்கும் நடுவே ஒரு உறவு இருப்பது தெரியாது.

இருந்தாலும் 77 என்பதும் சிறிய எண் இல்லை. கன்னடம் பயிலும் பிள்ளைகளைப் பற்றி சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு, உயிரும் மெய்யும் கலந்து எழுத்தாகும் நம்மைப் போன்ற மொழிகளில் எழுத்துகள் முழுமையாக வசமாவதற்கு முதல் வகுப்பு போதாது, அது மேல்வகுப்புகளுக்கும் நீளும் என்று காட்டியது. என் அனுபவமும் அதுதான். தரம் 1 முடிவில் எல்லா எழுத்தும் எழுதியாக வேண்டும் என்று பிள்ளையை விரட்டுகிறவர்கள் மொழியின் இயல்பையே மறந்துவிடுகிறார்கள்.

கொம்பு எழுத்துகளைப் பற்றி ஒரு வார்த்தை. 'தேன்' என்று எழுதும்போது கண் முதலில் கொம்பைப் பார்க்கிறது, வாயோ த்-ஐ முதலில் சொல்ல வேண்டும். 'கோழி'யில் கொம்பு முன்னே, அரவு பின்னே, எழுத்து நடுவே. இடமிருந்து வலமாக வாசி என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, இங்கே மட்டும் பின்னால் இருப்பதை முன்னால் சொல் என்கிறோம். பிள்ளை திகைப்பது நியாயம்தான். கொம்பையும் எழுத்தையும் ஒரே நிறத்தில், ஒட்டி, ஒரே அட்டையில் எழுதிக் கொடுத்தால் அவன் அதை ஒரே உருவமாகப் பார்க்கப் பழகுவான். தனித்தனி அட்டையாகக் கொடுத்துச் சேர்க்கச் சொல்வது இந்த எழுத்துகளுக்கு மட்டும் சரிவராது. க, ச, ட, த, ப ஆகியவை இடத்துக்கு இடம் ஓசை மாறுவதும் (அக்கா, தங்கம், நகம்) பெரியவர்கள் அஞ்சும் அளவுக்குத் தொல்லை தருவதில்லை. தெரிந்த சொல்லாக இருந்தால் பிள்ளையின் நாக்கு தானே சரியான ஓசையைத் தேர்ந்துகொள்ளும். அதனால்தான் தெரிந்த சொல்லிலிருந்தே தொடங்க வேண்டும் என்கிறோம்.

தெரிந்த சொல் என்றதும் பேச்சுத் தமிழ், புத்தகத் தமிழ் என்ற கேள்வி எழும். மட்டக்களப்புப் பேச்சுத்தான் பேச்சுவழக்குகளிலேயே இலக்கியத் தமிழுக்கு மிக நெருக்கமானது என்று செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில் எழுதியிருக்கிறார். அதை வாசித்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் தரம் 1 பிள்ளைக்கு வீட்டுப் பேச்சுக்கும் பாடநூலுக்கும் இடையில் ஓர் ஆற்றைக் கடக்க வேண்டியிருக்கிறது. வெல்லாவெளிப் பக்கத்தில் நான் இருந்தபோது, வாயே திறக்காத ஒரு சிறுவன் ஒரு காலையில் ஓடிவந்து, "ரீச்சர், ராவு ஆனை வந்தது, வாழையெல்லாம் திண்டு போட்டுது" என்றான். அந்தப் பக்கத்தில் யானை வருவது புதினமில்லை, ஆனால் அது அவனுடைய வளவுக்குள் வந்திருந்தது. அவன் சொல்லச் சொல்லக் கரும்பலகையில் எழுதினேன்: "இரவு யானை வந்தது. வாழை மரங்களைத் தின்றது." பிறகு அவனையே வாசிக்கச் சொன்னேன். விரலை வைத்து, "ராவு ஆனை வந்தது" என்று வாசித்தான்.

அது பிழையா? பக்கத்து வகுப்பு ஆசிரியர் பிழை என்றார். நான் இல்லை என்றேன், இன்றும் அதையே சொல்வேன். எழுத்தில் பொருள் இருக்கிறது என்பதை அந்தப் பிள்ளை அன்றுதான் கண்டான். அந்தக் கோடுகளுக்குள் அவனுடைய யானை நின்றது. 'ஆனை' என்பதும் இழிந்த சொல் இல்லை, ஆனைமுகன் என்று கும்பிடுகிறோமே. அடுத்த நாள், "நீ வீட்டில் ஆனை என்று சொல்வாய், புத்தகத்தில் யானை என்று எழுதுவார்கள், இரண்டும் அதேதான்" என்று சொல்லி முதல் எழுத்தைக் காட்டினேன். யா என்ற எழுத்தை அவனுக்கு அதன் பிறகு நான் படிப்பிக்கவில்லை. பிள்ளை சொல்வதைக் காதால் கேட்டு, ஆசிரியர் புத்தகத் தமிழில் எழுதி, இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுவதுதான் பாலம். பேச்சை ஏளனம் செய்தால் பிள்ளை வாயை மூடிக்கொள்வான். அதன் பிறகு எந்த எழுத்தும் உள்ளே போகாது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் தற்காலிகக் கொட்டிலில் சில மாதம் படிப்பித்தேன். புத்தகம் இல்லை, கொப்பி இல்லை, பிள்ளைகளின் மனநிலையைச் சொல்லவே வேண்டாம். நிவாரணப் பொருள்கள் வந்த பெட்டிகளிலும் சாக்குகளிலும் கரியால் மா, சீனி, பருப்பு, தேயிலை என்று எழுதி வைத்தேன், பொருள்களைப் பிரிப்பவர்களுக்கு வசதியாக. இரண்டாவது வாரம் ஒரு சிறுமி சாக்கைத் தொட்டு, "மா" என்றாள். ஓர் எழுத்து, ஒரு சொல், அன்றைக்கு அவள் வீட்டுக்குத் தேவையான பொருள். பிறகு அவளே மற்றப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டத் தொடங்கினாள். அந்த நாளுக்குப் பிறகு என் வகுப்பறையில் கதவு, யன்னல், வாளி, மேசை எல்லாவற்றிலும் பெயர் ஒட்டாமல் நான் இருந்ததில்லை.

எழுதுவது வேறு வேலை. அதற்குக் கண்ணும் காதும் போதாது, கை வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளையின் விரல்களுக்குப் பென்சிலை அடக்கி ஆளும் பலம் இன்னும் வந்திருக்காது. ஆசிரியை களிமண் பிசையவிடுகிறாரா? காகிதம் கிழிக்கவும், நூலில் மணி கோக்கவும், மணலில் விரலால் வளைவு போடவும் விடுகிறாரா? அவையெல்லாம் எழுத்துவேலைதான், மகள். கொப்பியில் தெரியாத எழுத்துவேலை. திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதிப் பழகிய நம் முன்னோர் அறியாமல் செய்யவில்லை. மணலில் பிழையை ஒரு கையசைவில் அழித்துவிடலாம், பென்சிலை அழுத்தி விரல் நோகாது, எழுத்தையும் பெரிதாகத் தோள் அசைய எழுதலாம். நேர்கோடு, கிடைக்கோடு, சாய்கோடு, வட்டம், சுழி என்று கை பழகிய பிறகு சதுரக்கோட்டுக் கொப்பிக்கு வந்தால் ஒரு மாதத்தில் ஓடிப்பிடித்துவிடுவான். ரியூசனில் ஒரு பக்கம் முழுவதும் ட எழுதிய கொப்பிகளை நான் பார்த்திருக்கிறேன். முதல் வரியில் இருக்கும் ட ஒழுங்காக இருக்கும், கடைசி வரிக்கு வரும்போது அது எந்த எழுத்து என்றே தெரியாது. அந்தப் பக்கத்தில் பிள்ளை பழகியது சலிப்பைத்தான். ஐந்து ட எழுதச் சொல்லி, அவற்றில் மிக அழகானது எது என்று அவனையே சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். தன் எழுத்தைத் தானே பார்க்கத் தெரிந்த பிள்ளைக்குக் கையெழுத்து திருந்தும்.

இடதுகைப் பிள்ளையைக் கை மாற்றி எழுதச் சொல்லக் கூடாது. காத்தான்குடியில் ஒரு தாய், காலையில் பாடசாலையில் இடமிருந்து வலம், பின்னேரம் குர்ஆன் ஓதப்போனால் வலமிருந்து இடம், பிள்ளை குழம்பிவிடாதா என்று கேட்டார். குழம்புகிற பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள், சில வாரங்களுக்கு. அதற்குத் தமிழ்க் கொப்பியின் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் சிறிய மீன் ஒன்றை வரைந்து, அதன் தலை நோக்கும் பக்கம் எழுது என்று சொல்லிக் கொடுத்தோம். ஒரு தவணைக்குள் மீன் தேவைப்படவில்லை. இரண்டு எழுத்து முறையை ஒரே வயதில் கற்கும் பிள்ளைகளின் திறமையை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம்.

ல, ள, ழ, ர, ற, ந, ன, ண பற்றித் தரம் 1இல் கவலைப்படாதீர்கள். பேச்சில் பலருக்கு ழகரமும் ளகரமும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. பேச்சில் கேட்காத வேறுபாட்டைப் பிள்ளை காதால் எழுத முடியாது, அந்தச் சொல்லைப் பலமுறை கண்ணால் கண்ட பிறகுதான் எழுதுவான். 'பளம்' என்று எழுதிய பிள்ளையின் கொப்பியில் சிவப்பு மையால் புள்ளடி போடுவதற்குப் பதிலாக, கீழே 'பழம்' என்று எழுதி வைத்தால் போதும்.

ஆசிரியரின் வேலைகளில் வெளியே தெரியாதது ஒன்று உண்டு: ஒவ்வொரு பிள்ளையையும் தனியே கூப்பிட்டு வாசிக்கக் கேட்பது. முப்பத்தைந்து பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம் கொடுத்தாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். அந்த நேரம் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? விளையாடுவார்கள். நீங்கள் யன்னலால் எட்டிப் பார்த்தால் விளையாட்டுத்தான் கண்ணில் படும், மூலையில் பாயில் உட்கார்ந்து ஒரு பிள்ளையின் விரலைப் பின்தொடரும் ஆசிரியை கண்ணில் படமாட்டார். கூட்டமாக வாசிக்கும்போது ஐந்து பேர் வாசிப்பார்கள், முப்பது பேர் வாயசைப்பார்கள். தனியே கேட்டால்தான் யார் படத்தைப் பார்த்து ஊகிக்கிறான், யார் குற்றைக் கவனிப்பதில்லை என்பது வெளிவரும். படுவான்கரையின் சிறிய பாடசாலைகளில் ஓர் ஆசிரியர் இரண்டு வகுப்பைச் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். அங்கே தரம் 3 பிள்ளையைத் தரம் 1 பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் செய்வோம். சொல்லிக் கொடுக்கும் பிள்ளையும் அதனால் வளர்ந்ததைக் கண்டிருக்கிறேன்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது அதிகமில்லை, ஆனால் அது பெரிய உதவி. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், உங்கள் மடியிலோ பக்கத்திலோ இருத்தி, ஒரு கதையை நீங்கள் வாசியுங்கள். வரிக்குக் கீழே விரல் ஓட வேண்டும். தெரிந்த சொல் வரும்போது நிறுத்தினால் அவன் சொல்வான். ஒப்புவிக்கச் சொல்லிக் கேட்பதை ஒரு மாதம் விட்டுவிடுங்கள். பஸ்ஸில் போகும்போது கடைப்பலகைகளைப் பாருங்கள், 'ஸ்' என்ற எழுத்தை அவன் பஸ்ஸிலேயே கற்றுக்கொள்வான். அவன் அம்மம்மா உதவி செய்வதாக எழுதியிருந்தீர்கள், மிக நல்லது. ஆனால் அவர் லை, னை, ணா, றா ஆகியவற்றைப் பழைய வடிவத்தில் எழுதிக் காட்டக் கூடும். தமிழ்நாட்டில் 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அந்த வடிவங்களில்தான் நானும் படித்தேன். நம் பாடநூல்கள் இப்போது புதிய வடிவத்தில் இருக்கின்றன. அம்மம்மாவைத் திருத்த வேண்டாம், "இது அம்மம்மா படித்த எழுத்து" என்று பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். அவன் அதை விருப்பமாகக் கேட்பான்.

ரியூசனுக்கு அனுப்ப வேண்டாம். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையின் ஓட்டத்தைத் தரம் 1இலேயே தொடங்கிவிடுவது இப்போது எல்லா ஊரிலும் பரவியிருக்கிறது. அதனால் மூன்றாம் தரத்துக்கு வருவதற்குள் புத்தகத்தைக் கண்டாலே முகம் சுளிக்கும் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன், எனக்கு அது இன்றுவரை வேதனை. அந்தப் பணத்தில் மாதம் இரண்டு கதைப்புத்தகம் வாங்கலாம். ஆசிரியை மேல் சந்தேகம் இருந்தால் ஒருநாள் நேரே போய், "என் மகன் எந்த இடத்தில் நிற்கிறான்?" என்று கேளுங்கள். பிள்ளையைத் தனியே கேட்கிற ஆசிரியர் என்றால், குற்று எழுத்தில் தடுக்குகிறான் என்றோ கொம்பில் தடுக்குகிறான் என்றோ உடனே சொல்வார். தாழங்குடாவிலோ அட்டாளைச்சேனையிலோ கல்வியியல் கல்லூரியில் ஆரம்பக் கல்வி படித்து வரும் பிள்ளைகள் இரண்டு ஆண்டு கல்லூரியிலும் ஓராண்டு பாடசாலைப் பயிற்சியிலும் இருந்துதான் வருகிறார்கள். அவர்களுக்கு நம்மைப் போன்றோர் தர வேண்டியது கொஞ்சம் கால அவகாசம்.

கவலைப்பட வேண்டிய நேரமும் உண்டு. தரம் 2 முதல் தவணை முடிந்தும் இரண்டு, மூன்று எழுத்துச் சொல்லைக் கூட்ட முடியாவிட்டால், சொல்லைத் தட்டிப் பிரிக்கவே வராவிட்டால், கூப்பிட்டால் அடிக்கடி திரும்பிப் பார்க்காவிட்டால், முதலில் காதையும் கண்ணையும் பாருங்கள். தரம் 1இல் பாடசாலை மருத்துவப் பரிசோதனை இருக்கிறது, அன்று பிள்ளையை வீட்டில் மறித்துவிடாதீர்கள். என்னிடம் ஒரு சிறுவன் இருந்தான், கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்தே எழுதுவான். கள்ளத்தனம் என்று எண்ணி நானே இரண்டு முறை அதட்டியிருக்கிறேன். பரிசோதனையில் அவனுக்குத் தூரப்பார்வை மிகக் குறைவு என்று தெரிந்தது. மட்டக்களப்புக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடி போட்டார்கள். திரும்பி வந்த முதல் நாள் கரும்பலகையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த தவணை கடைசி வாங்கிலிருந்தே வாசித்தான்.